பெரியம்மாவின் கைகளும் ஒரு மேல்கொமாவும்

பெரியம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கக் கொடுத்திருந்தோம். தேவார திருவாசகம், வம்சாவளி, அஞ்சலிக் கவிதை என்று எல்லாம் வழக்கம்போல. ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த ஆறு பேரில் சிலருக்கு அவர் அம்மம்மா, சிலருக்கு அப்பம்மா. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் தலைப்பில் சண்டை வரவில்லை: “கிராண்ட்மதர்’ஸ் ஹான்ட்ஸ்”. தலை இழுத்துவிட்ட கைகள், கூழுக்கு ஒடியல் மா கரைத்த கைகள், விமான நிலையத்தில் கடைசிவரை விடாமல் பிடித்திருந்த கைகள் என்று பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அச்சகத்துக்குப் புரூஃப் பார்க்கப் போனேன். தலைப்பில் மேல்கொமா, அதாவது அப்பொஸ்ரபி, இடம் மாறியிருந்தது. எஸ்ஸுக்கு முன்னால் நிற்கவேண்டியது பின்னால் போய் நின்றது: “கிராண்ட்மதர்ஸ்’ ஹான்ட்ஸ்”. எள்ளளவு மை நகர்ந்ததில் பெரியம்மா பன்மையாகிவிட்டார். தன் குசினிக்குள் மருமகளைக்கூட விடாத மனுஷி அவர். அவருடைய கூழ்ச் சட்டிக்குள் இப்போது ஊர்க் கிழவிகள் எல்லோரும் கைவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

கணினியில் இருந்த தம்பி ஒரு காலத்தில் என்னிடம் ஆங்கிலம் படித்தவர்.

“இது தானாக மாறியதா, நீர் மாற்றினீரா?”

“நான்தான் மாற்றினேன் ரீச்சர். கைகள் இரண்டல்லவா? பன்மை வந்தால் கொமா பின்னால் போகும் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்?”

சிரித்துவிட்டேன். பென்சிலால் வட்டமிட்டுத் திருத்திக் கொடுத்துவிட்டு வீதிக்கு வந்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. ஏனென்றால் அந்தத் தம்பி சொன்னது பிழையான இலக்கணம் அல்ல. அது நன்னூல்.

ஆறாம் வேற்றுமைக்கு நன்னூல் என்ன சொல்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒருமைக்கு ‘அது’, ‘ஆது’, பன்மைக்கு ‘அ’. இந்த ஒருமையும் பன்மையும் யாருக்கு? உடையவனுக்கு அல்ல, அவனிடம் இருக்கும் பொருளுக்கு. இலக்கணப் புத்தகங்கள் காட்டும் உதாரணமே கைதான்: எனது கை, எனாது கை, என கைகள். கை ஒன்றானால் ஓர் உருபு, பலவானால் வேறோர் உருபு. ‘என கைகள்’ என்று இன்று யாரும் எழுதுவதில்லை. நன்னூலை அந்தத் தம்பி திறந்து பார்த்திருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் பவணந்தி முனிவர் எங்கே பார்த்தாரோ அங்கேயேதான் அவருடைய கண்ணும் போயிருக்கிறது. கைகள் எத்தனை என்று எண்ணியிருக்கிறார்.

ஆங்கிலம் அப்படி எண்ணாது. கை இரண்டானாலும் இருபதானாலும் அதற்குக் கவலை இல்லை. கைக்குச் சொந்தக்காரர் ஒருவரா, பலரா? அது ஒன்றைத்தான் கேட்கும். ஒரு பெரியம்மா என்றால் கொமா எஸ்ஸுக்கு முன்னால். நான்கு பெரியம்மாக்கள் என்றால் பின்னால். ஆறு பேரப்பிள்ளைகள், இரண்டு கைகள் என்று பக்கம் முழுக்கப் பன்மை நிறைந்திருந்தாலும் உடையவர் ஒருவர் என்றால் ஒருவர்தான்.

இதை நான் அந்தத் தம்பிக்கு ஒருநாளும் சொல்லவில்லை. “ஒருமைக்கு முன்னால், பன்மைக்குப் பின்னால்” என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். எதனுடைய பன்மை என்று எழுதவில்லை. பிள்ளைகள் தங்களுக்குக் கண்ணில் பட்ட பன்மையை எடுத்துக்கொண்டார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் இந்த ஒரு பிழைக்காக எத்தனை கொப்பிகளில் சிவப்பு மையால் கோடு இழுத்திருப்பேன். பாதிக்கு மேற்பட்ட கோடுகளை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது.

ஆகவே என்னுடைய கருத்து இதுதான். சக ஆசிரியர்கள் கோபிக்கக்கூடாது. மேல்கொமாவை ஆங்கிலப் பாடத்தில் தனி விதியாகப் படிப்பிப்பதை நிறுத்துங்கள். அது வேற்றுமை உருபு. பிள்ளைகளுக்கு வேற்றுமை தெரியும். தமிழ்ப் பாடத்தில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். மணி அடித்து ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் அதையெல்லாம் மறந்துவிட்டு வேறு தேசத்துக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓய்வறையில் ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறோம், சம்பள முரண்பாடு முதல் மாமரத்துக்கு வந்த நோய் வரை கதைக்கிறோம். ஆறாம் வேற்றுமையைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

நான் இப்போது செய்வது இது. முதலில் உடையவரை முழுதாக எழுதச் சொல்கிறேன். கொமாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஒரு பெண்பிள்ளை என்றால் “கேர்ள்”. பலர் என்றால் “கேர்ள்ஸ்”. குழந்தைகள் என்றால் “சில்ட்ரன்”. எழுதி முடித்தாயிற்றா? இப்போது அந்தச் சொல்லின் வாலில் கொமாவை வை. பிறகு எஸ் போடு. பன்மைக்காக ஏற்கெனவே எஸ் வந்துவிட்டதென்றால் இன்னொன்று வேண்டாம். கேர்ள்’ஸ், கேர்ள்ஸ்’, சில்ட்ரன்’ஸ். ‘முன்னால் பின்னால்’ என்ற பேச்சே இதில் இல்லை. கொமா எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது, உடையவர் முடியும் இடத்தில்.

பயிற்சிக்குப் புத்தகம் தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளிப் பக்கம் ஒருமுறை சைக்கிளில் போய்வரலாம். 1823இல் தொடங்கிய பரியோவான் கல்லூரியின் ஆங்கிலப் பெயரில் கொமா எஸ்ஸுக்கு முன்னால்: சென் ஜோன்’ஸ். யோவான் ஒருவர். அதே சுண்டுக்குளியில் 1896இல் தொடங்கிய மகளிர் கல்லூரியின் பெயரில் எஸ்ஸுக்குப் பின்னால்: கேர்ள்ஸ்’. மகளிர் பலர். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரிக்கும் அப்படியே. சின்ன வயதில் அந்தப் பின்கொமாவைப் பலகை எழுதியவரின் தூரிகையிலிருந்து சிந்திய மை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்குக் கொமாவும் இல்லை, எஸ்ஸும் இல்லை. பெயரும் கல்லூரியும் உருபு தொக்கு, அதாவது மறைந்து, ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ‘பரியோவான் கல்லூரி’ என்று தமிழில் நாம் சொல்லும்போதும் அதுதான் நடக்கிறது; பரியோவானது கல்லூரி என்று யாரும் விரிப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. மே மாதத்தில் நாம் கொண்டாடுவது அன்னையர் தினம், பன்மை. ஆங்கிலத்தில் அது “மதர்’ஸ் டே”, ஒருமை. அந்த நாளுக்காகப் பாடுபட்ட அமெரிக்கப் பெண்மணி ஆனா ஜார்விஸ், கொமா எஸ்ஸுக்கு முன்னால்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உலகத்துத் தாய்மார் எல்லோரையும் ஒன்றாகப் போற்றும் நாள் அல்ல, ஒவ்வொருவரும் தன் தாயைப் போற்றும் நாள் என்பது அவருடைய எண்ணம். 1914இல் ஜனாதிபதி வில்சன் அதை அமெரிக்காவில் அறிவித்தார். அந்தக் கொமாவின் இடத்துக்குள் அத்தனை பெரிய வேறுபாடு அடங்கியிருந்தது. பேரப்பிள்ளைகளின் தலைப்பைத் திருத்தியபோது எனக்கு அந்த அம்மாவின் நினைப்பு வந்தது.

சரி, அந்தக் கொமா எதற்கு? பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு இந்த உருபு ஈ, எஸ் என்ற இரண்டு எழுத்தாக இருந்தது. பேச்சில் நாளடைவில் உயிரோசை தேய்ந்தது. எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டும் இந்தக் குறி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது, காணாமல்போன ஈயின் இடத்திலும் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். நம்முடைய கணக்கில் இது கெடுதல் விகாரம். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகர மெய் கெடுகிறது. நாம் அதற்கு அடையாளம் எதுவும் வைப்பதில்லை. ஆங்கிலேயர் போன எழுத்துக்கு ஒரு நடுகல் வைத்தார்கள். பன்மைக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெறத் தொடங்கியது. ஆக, இது வானத்திலிருந்து விழுந்த வேதம் அல்ல. அச்சகத்தாரும் இலக்கணக்காரரும் இழுத்துப் பறித்து ஒருவழியாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு. தமிழ் உரைநடைக்குக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இட்டுப் பழக்கிய ஆறுமுக நாவலரின் ஊரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்வதில் நமக்குச் சிரமம் இருக்கக்கூடாது.

ஆங்கிலேயர்களுக்கே இது சரியாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்மைக்கெல்லாம் கொமா போட்டு வாழைப்பழத்தையும் தக்காளியையும் உடைமையாளர்களாக்கும் பிழைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மரக்கறிக் கடைக்காரரின் அப்பொஸ்ரபி’. ஜோன் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் இந்தக் குறியைக் காப்பாற்ற இங்கிலாந்தில் ஒரு சங்கமே அமைத்தார். 2019இல், தொண்ணூற்றாறு வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று சொல்லிச் சங்கத்தை மூடிவிட்டார். பெரிய மனிதர், அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் சோம்பல் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கைகளை எண்ணிப் பார்த்துக் கொமாவை நகர்த்தியவர் சோம்பேறியா? அவர் வேலை மினக்கெட்டு அல்லவா பிழை விட்டிருக்கிறார்.

அதைவிட எரிச்சல் தருவது கடைப் பலகைகளைப் படமெடுத்து முகநூலில் போட்டுச் சிரிப்பவர்கள். “கூல் டிரிங்’ஸ்” என்று ஒரு கடைக்காரர் எழுதிவிட்டாராம். அதே ஆட்கள் தமிழில் ‘எனது மகன்’ என்று எழுதுகிறார்கள். பழைய இலக்கணப்படி உயர்திணைப் பொருளுக்கு ‘அது’ உருபு ஆகாது. ‘என் மகன்’ என்றே எழுதவேண்டும். அதைப் படமெடுத்து யாரும் போடுவதில்லை. போடவும் வேண்டாம்.

“இட்ஸ்” என்ற சொல்லில்தான் பெரியவர்களும் வழுக்கி விழுகிறார்கள். கொமா போட்டால் ‘அது இருக்கிறது’ என்பதன் சுருக்கம், போடாவிட்டால் ‘அதன்’. உடைமைக்குக் கொமா என்று படிப்பித்துவிட்டு இங்கே மட்டும் உடைமைக்குக் கொமா இல்லை என்றால் பிள்ளை என்ன செய்யும்? இதற்கும் மருந்து வீட்டிலேயே இருக்கிறது. ‘நானின் வீடு’ என்று எந்தக் குழந்தையாவது சொல்கிறதா? நான் என்பது என் ஆகிறது, நீ உன் ஆகிறது, தான் தன் ஆகிறது. மூவிடப் பெயர் தன் உருவத்தையே மாற்றிக்கொள்வதால் உருபைத் தேடிப் போவதில்லை. மை, யுவர், ஹிஸ், இட்ஸ் எல்லாம் அதே சாதி. ஹிஸ்ஸுக்குக் கொமா போடாதவர் இட்ஸுக்கும் போடவேண்டியதில்லை. இன்னும் ஒரு செய்தி, குழம்புகிறவர்களின் ஆறுதலுக்கு: 17ஆம் நூற்றாண்டில் உடைமைப் பொருளிலும் அதைக் கொமாவுடன் எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள்தான்.

இருவர் சேர்ந்து வைத்திருக்கும் கடை என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும் கொமா. ஆளுக்கொரு கடை என்றால் இரண்டு பெயருக்கும். நாம் ‘ரவியினதும் குமாரினதும்’ என்று எழுதும்போது இருவருக்கும் உருபு கொடுக்கிறோம் அல்லவா, அதுபோல. விடுமுறைக் கடிதத்தில் “ரூ டேய்ஸ்’ லீவ்” என்று எழுதும்போது நாள் எப்படி லீவுக்குச் சொந்தக்காரனாகும் என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் ஆகும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

எஸ்ஸில் முடியும் பெயர்கள் வேறு ஒரு தலையிடி. லண்டனில் உள்ள சென் ஜேம்ஸ் பூங்காவின் பெயரில் ஜேம்ஸுக்குப் பிறகு கொமாவும் உண்டு, இன்னொரு எஸ்ஸும் உண்டு. நியூகாசில் அணியின் உதைபந்தாட்ட மைதானத்துக்கு அதே ஜேம்ஸ்தான், கொமா மட்டும். இரண்டையும் யாரும் பிழை என்று சொல்வதில்லை.

போன கிழமை அதே அச்சகத் தம்பியிடமிருந்து தொலைபேசி அழைப்பு. தாஸ் என்ற ஒருவர் வெதுப்பகம் திறக்கிறாராம், பெயர்ப்பலகை செய்யக் கொடுத்திருக்கிறாராம்.

“உடையவர் ஒருவர்தான் ரீச்சர், கேட்டு வைத்திருக்கிறேன். ஆனால் பெயரே எஸ்ஸில் முடிகிறது. கொமாவுக்குப் பிறகு இன்னொரு எஸ் போடுவதா, விடுவதா?”

“இரண்டும் சரி.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பரீட்சைத்தாளில் ஒருநாளும் இப்படி ஒரு விடைக்கு நான் புள்ளி போட்டதில்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். பிறகு முதலாளியிடம் கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்தார். பலகைக்கு எழுத்துக் கணக்கில்தான் காசாம். எஸ் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கொமாவுக்குக் காசு எடுப்பீர்களா என்று மட்டும் கேட்டாராம்.