பியானோவில் இடது கையும் பெடலும் பழகாமல் பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) வராது
"சுரம் தப்பாமல் வந்துவிட்டால் பாவம் தானாக வந்துவிடும்" என்கிறது பியானோ பழகுவது பற்றிய ஒரு கட்டுரை. வராதுங்க. இசையமைப்பாளர் ஷோபானின் ஈ-பிளாட் நாக்டர்ன் என்ற பியானோ உருப்படியையே (ஓபஸ் 9, எண் 2, 1832இல் அச்சானது) எடுத்துக்குங்க. இடது கையில் ஒவ்வொரு அடிக்கும் கீழே ஒரு பேஸ் (தாழ்ந்த) சுரம், பிறகு மேலே இரண்டு கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). பேஸ் சுரத்தை விட்டு விரல் தாவுவதற்குள் பெடல் (விரலை எடுத்த பிறகும் சுரத்தை ஒலிக்க வைக்கும் கால்மிதி) இறங்கியிருக்கணும். பிந்தினால் பேஸ் அறுந்து கார்டு மட்டும் அந்தரத்தில் நிற்கும். பழைய பெடலைப் புது பேஸ் ஒலிக்கும் அதே கணத்தில் விடணும். முந்தி விட்டால் இடையில் ஓட்டை, விடாவிட்டால் எல்லாம் குழம்பிப்போகும்.

வலது கையில் சிக்கல் வேறு. பியானோ சுரம் அடித்த நொடியிலிருந்தே தேய ஆரம்பிக்குது. நீண்ட சுரத்துக்கு அடுத்ததை, அது தேய்ந்து நிற்கிற அளவுக்கே மெதுவாகத் தொடணும். இல்லையென்றால் மெட்டு நடுவில் முட்டும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளைகள் பலர் பழகுவது எடையில்லாத (அழுத்தினால் பியானோ போல கனம் தெரியாத) 61 கட்டை கீபோர்டில். அதில் இந்த அளவு விரலுக்குப் பிடிபடுவது கஷ்டம். வாரம் ஒரு நாளாவது எடையுள்ள 88 கட்டையில் உட்கார வையுங்க. வீட்டில் தினம் 10 நிமிடம் பேஸும் பெடலும் மட்டும் போதும், மெட்டை வாயால் பாடிக்கொண்டே.