சிவப்புக் கலிப்பர் வாங்கும் முன் பிரேக் எண்ணெயைப் பாருங்கள்

போன வாரம் தலவாக்கலையில் ஒரு தம்பி தன் சிவிக் காருக்கு நான்கு பிஸ்டன் கலிப்பர் வாங்கப் போவதாகச் சொன்னார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிப்பதுதான் கலிப்பர். பிரேக் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். கார் வாங்கியபோது இருந்ததுதான் இன்னும் இருக்கிறதாம். கார் வாங்கி ஐந்து வருடம். அன்றிலிருந்து இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏனென்றால் அதே பிழையை நானும் செய்தவன். என் பழைய சுபாரு இம்ப்ரெசாவுக்கு முன்பக்கம் பெரிய டிஸ்க்கும் கலிப்பரும் போட்டேன். அவை உள்ளே அடங்குவதற்காகவே பதினேழு அங்குல வீல்களும் வாங்கினேன். பொருத்திக் கொடுத்த இடத்தில் பழைய எண்ணெயை முழுதாக வெளியேற்றவில்லை. குறைந்ததை நிரப்பி, காற்றை எடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து மச்சானுடன் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினேன். லபுக்கலை தாண்டி, இறம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் பெடல் தரைவரை போய்விட்டது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இரண்டாம் கியருக்குத் தட்டி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தேயிலைப் பக்கத்து வடிகாலோரம் நிறுத்தினேன். மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கெட்டியாக இருந்தது.

பெடல் அப்படித் திரும்பி வந்தால் எண்ணெய் கொதித்திருக்கிறது என்று பொருள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பின் அதே விதி கேட்பது 155 பாகைதான். கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் அந்தக் குமிழை அமுக்குவதிலேயே முடிந்துவிடும், கலிப்பருக்கு அழுத்தம் போய்ச் சேராது. எத்தனை பிஸ்டன் இருந்தாலும் அப்போது பயனில்லை. பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் அது வேறு கோளாறு, டிஸ்க்கில் உரசும் பிரேக் பாட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது.

மலை இறக்கத்தின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பளைக்குப் போகும்போது 1,300 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் கார் இழக்க வேண்டிய சக்தி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முப்பது தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சின் நிறையவே எடுக்கும். ஓட்டோமேட்டிக் காரை டிரைவில் போட்டுவிட்டு இறங்கினால் எல்லாம் டிஸ்க்கின் தலையில்தான். கொழுந்து லொறி ஓட்டிய என் பெரியப்பா, ஏறிய கியரிலேயே இறங்கு என்பார். டர்போ காருக்கும் அதுதான் கணக்கு.

நம் பையன்களுக்கு ஏப்ரல் வந்தால் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டிதான் கண்ணில் நிற்கும். எனக்கும் அப்படித்தான், சிறு வயதில் அந்தச் சத்தம் கேட்டே கார்ப் பைத்தியம் பிடித்தது. ஆனால் அது மேலே ஏறும் போட்டி. மலையே பாதிப் பிரேக் பிடித்துக் கொடுக்கிறது. அங்கே ஓடும் காரைப் பார்த்துவிட்டு நம் காருக்குச் சாமான் தெரிவு செய்ய முடியாது. பந்தயக் காருக்கான பிரேக் பாட்களையும் அப்படித்தான் வாங்கி மாட்டுகிறார்கள். அவற்றில் பல சூடேறிய பிறகுதான் பிடிக்கும். மார்கழிப் பனியில் விடியற்காலை ஐந்தரைக்கு முதல் வளைவிலேயே பாட் எப்படிச் சூடாகும்?

என்னைக் கேட்டால் முதல் காசு எண்ணெய்க்கு. நல்ல டொட் 4 அல்லது 5.1, முழுதாக வெளியேற்றி ஊற்ற வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டொட் 5 சிலிகன், வேறு வகை, அதோடு கலக்கவே கூடாது. அடுத்து, குளிரிலும் பிடித்துச் சூட்டையும் தாங்கும் வீதிப் பாட். பிறகு டயர், ஏனென்றால் கடைசியில் காரை நிறுத்துவது வீதியைத் தொடும் ரப்பர்தான். பிரேக் எண்ணெய் போகும் பழைய ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். துளை போட்ட டிஸ்க் எனக்கு வேண்டாம், சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் துளையைச் சுற்றி விரிசல் விழும்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் பெரிய கலிப்பர் போடுங்கள், நான் தடுக்கவில்லை. பெரிய டிஸ்க் கூடுதல் சூட்டை உள்வாங்கும், அது உண்மையான நன்மை. ஆனால் முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் பின் சக்கரங்களின் பங்கு குறையும். பிஸ்டன் பரப்பு கூடினால் பெடலும் ஆழமாகப் போகும். பெடல் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் மட்டும் கொடுங்கள்.

இலங்கையில் 2020 தொடக்கம் கிட்டத்தட்ட ஐந்து வருடம் தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால் நம்மிடம் ஓடுபவை பெரும்பாலும் வயதான கார்கள். அவற்றில் கூடுதல் குதிரைவலு ஏற்றுவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். அந்தத் தலவாக்கலைத் தம்பி சனிக்கிழமை வருகிறார். எண்ணெய்ப் போத்தல் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். கலிப்பர் பேச்சை அதற்குப் பிறகு பேசிக்கொள்வோம்.