கொலையாளி யாராக இருந்தால் எனக்கென்ன?

நம்ம ஊர் வெப் சீரிஸ்களைப் பற்றி எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. சமீபத்தில் பார்த்ததும், திரும்பப் பார்த்ததுமாகச் சில தொடர்கள் கைவசம் இருப்பதால் கொட்டிவிடுகிறேன். முக்கியமான முடிச்சு எதையும் அவிழ்க்க மாட்டேன், ‘அடோலசன்ஸ்’ தவிர. அதில் அவிழ்க்க ஒன்றுமில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

‘யார் கொன்றது’ என்ற ஒற்றைக் கேள்வியை நம்பித்தான் நம்ம தொடர்கள் ஓடுகின்றன. எட்டு எபிசோடுக்கு அது தாங்காது. தாங்காதென்று எடுப்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் எபிசோடுக்கு ஒருவர் மேல் சந்தேகத்தைக் கிளப்பி, அடுத்த எபிசோடில் ‘அவன் இல்லையாம்’ என்று கழற்றிவிடுகிறார்கள். நாலாவது ஆளைக் காட்டும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது, இன்னும் நாலு எபிசோட் பாக்கி இருக்கு, இவனாக இருக்க முடியாது என்று. ‘வதந்தி’யில் எஸ்.ஜே.சூர்யா எவ்வளவு உழைத்திருக்கிறார்! அவருக்கே உரிய கத்தலை எல்லாம் அடக்கிக்கொண்டு, குடும்பத்தைக் கோட்டை விடும் எஸ்ஐயாகவே மாறியிருக்கிறார். செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஊர் ஆளுக்கொரு கதை கட்டுகிறது என்பது அருமையான சரக்கு. ஆனால் அந்தக் கதைகளில் பாதி, நேரத்தை நிரப்பத்தான் உதவுகிறது. ஐந்து எபிசோடில் முடித்திருந்தால் ஊரே கொண்டாடியிருக்கும்.

‘சுழல்’ இரண்டாவது சீசன் 2025 பிப்ரவரி கடைசியில் வந்தது. முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடலோர ஊர், திருவிழா, பூட்டிய வீட்டுக்குள் சுடப்பட்டுக் கிடக்கிறார் வக்கீல் செல்லப்பா. எட்டுப் பெண்கள், ஆளுக்கொரு ஸ்டேஷனில் போய் நின்று ‘நான்தான் கொன்றேன்’ என்கிறார்கள். இதைவிட நல்ல தொடக்கம் தமிழில் எனக்கு ஞாபகமில்லை. ‘யார் கொன்றது’ என்ற கேள்வி அங்கேயே செத்துவிட்டது, இனி இந்தப் பெண்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எதற்கு இப்படிச் சேர்ந்து நிற்கிறார்கள் என்றுதான் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போகிறார்கள். அப்புறம் வழக்கம்போல மறுபடியும் துப்பாக்கி, சாவி, தாழ்ப்பாள்.

அந்தத் திருவிழா விஷயம். காளிப்பட்டினம், அஷ்டகாளி என்றெல்லாம் பெயர் வைத்திருந்தாலும் பார்த்ததுமே குலசேகரன்பட்டினம் தசராதான் கண்ணில் வருகிறது. விரதமிருந்து மாலை போட்டு, காளி வேடம் கட்டி, தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துத் திரும்பும் கூட்டம் அது. அங்கே போலீஸ் வேடம் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அசல் போலீஸ் பந்தோபஸ்துக்கு நிற்கும்போது பக்கத்திலேயே வேஷ போலீஸ் உண்டியல் குலுக்கிக்கொண்டு போவார். ஒரு கொலை விசாரணைக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? தொடரில் திருவிழா பெரும்பாலும் சிவப்பு வெளிச்சமும் மேளச் சத்தமுமாக நின்றுவிடுகிறது. முதல் சீசனில் மயானக் கொள்ளையை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். மேல்மலையனூர்ப் பக்கம் மாசி அமாவாசைக்கு நடக்கும் அதைக் கொண்டுபோய் ஒரு மலை ஊரில் வைத்தது எனக்கு ஒட்டவே இல்லை. ஆனாலும் அந்த சீசனில் ஸ்ரேயா ரெட்டியின் இன்ஸ்பெக்டர் ரெஜினாவும், பார்த்திபனின் தொழிற்சங்கத் தலைவரும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

(குலசாமியையும் குற்றத்தையும் முடிச்சுப் போடுவது ஏதோ ஓடிடி கண்டுபிடித்த மாதிரி பேசுபவர்களுக்கு: ‘விடாது கருப்பு’ என்று ஒரு சீரியல் டிவியில் வாராவாரம் வந்தது தம்பி. நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் போன தலைமுறை நாங்கள்.)

சரி, பிடித்ததற்கு வருகிறேன். ‘விலங்கு’ 2022இல் ஜீ5இல் வந்தது. விமல் நடித்ததென்று நிறைய பேர் தொடாமலே விட்டுவிட்டார்கள். நஷ்டம் அவர்களுக்கு. வேம்பூர் ஸ்டேஷனில் எஸ்ஐ பரிதி. காட்டில் ஒரு பிணம் கிடைக்கிறது, பிறகு அதன் தலையைக் காணோம். வீட்டில் கர்ப்பிணி மனைவி, மேலே இன்ஸ்பெக்டரின் குடைச்சல், கீழே பேச்சை நிறுத்தாத போலீஸ்காரர்கள். இந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது அந்த ஸ்டேஷன்தான். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், கேஸை யார் தலையில் கட்டலாம் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், பிணத்துக்குப் பக்கத்தில் நின்றே எப்படி நக்கலடித்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் இயக்குநர் பிரசாந்த் பாண்டியராஜ் கூடவே இருந்து பார்த்த மாதிரி எடுத்திருக்கிறார். ஏழு எபிசோடில் முடித்தும் விட்டார். கிச்சப்பாவாக வருபவரின் நடிப்பைப் பற்றிச் சொன்னால் கதை கசிந்துவிடும். நீங்களே பாருங்கள்.

ஆனால் இந்த முறை பார்க்கும்போது ஒன்று உறுத்தியது. அடி. விசாரணை என்றால் அடிப்பது என்பதை ‘விலங்கு’ கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. சில இடங்களில் நம்மைச் சிரிக்கவும் வைக்கிறது. போலீஸ் அடித்தே ஆட்கள் செத்த சாத்தான்குளத்தை 2020இலும், திருப்புவனத்தை 2025இலும் பார்த்த ஊர் இது. லாக்கப்பில் அடி விழும் காட்சிக்கு எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. தொடர் கெட்டது என்று சொல்லவில்லை. அதன் கடைசிப் பகுதியின் மிரட்டலே அந்த அறைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கதாபாத்திரமாவது முகத்தைத் திருப்பியிருக்கலாம்.

இதை நினைக்க வைத்ததே ‘அடோலசன்ஸ்’தான். நெட்ஃபிளிக்ஸில் 2025 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் தொடர். மொத்தம் நாலே எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். விடியற்காலையில் துப்பாக்கியோடு போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போகிறது, பதிமூன்று வயதுப் பையனைக் கைது செய்ய. பையன் பயத்தில் கால்சட்டையை நனைத்துவிடுகிறான். அதற்குப் பிறகு அந்த எபிசோட் முழுக்கக் காட்டுவது ஸ்டேஷன் நடைமுறைதான்: உரிமைகளைச் சொல்வது, ரேகை எடுப்பது, நர்ஸ், வக்கீல், கூட இருக்கப்போவது அப்பாவா அம்மாவா என்று கேட்பது, உடம்பைச் சோதனை போடுவது. ஒருவரும் கத்துவதில்லை, கை ஓங்குவதில்லை. எல்லாம் விதிப்படி நடக்கிறது, அந்த விதிப்படி நடப்பதே வயிற்றைப் பிசைகிறது. முதல் எபிசோட் முடிவதற்குள் வீடியோவைப் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். யார் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. இன்னும் மூன்று எபிசோட் இருக்கிறது!

நான் கேட்பதும் இந்தத் தைரியத்தைத்தான். மூன்றாவது எபிசோடில் ஓர் அறை, ஒரு மேஜை, பையனும் உளவியலாளரும். அவ்வளவுதான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போக முடியவில்லை. அந்தப் பையன் ஓவன் கூப்பருக்குப் பதினைந்து வயதில் அமெரிக்காவின் பெரிய டிவி விருதான எம்மி கொடுத்தார்கள். நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களில் மிகச் சிறியவர் அவர்தான். அந்த ஓர் எபிசோடுக்கே கொடுக்கலாம்.

‘அது வெள்ளைக்காரன் காசு’ என்பவர்களுக்குப் பக்கத்து மலையாளத்தைக் காட்டுகிறேன். ‘கேரளா க்ரைம் ஃபைல்ஸ்’ முதல் சீசனில் ஒரு லாட்ஜ் கொலை, ரிஜிஸ்டரில் எழுதியிருக்கும் பொய் முகவரி, அவ்வளவுதான் துப்பு. போலீஸ்காரர்கள் நடையாய் நடக்கிறார்கள். இரண்டாவது சீசனில் தேடப்படுபவரே ஒரு போலீஸ்காரர், அம்பிளி ராஜு. இந்திரன்ஸ் நடித்திருக்கிறார் என்றால் போதாதா? இரண்டுமே ஆறாறு எபிசோட். சஸ்பென்ஸ் இல்லாமலில்லை, ஆனால் அது வேலையின் வழியே வருகிறது.

தமிழில் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது ‘சட்டமும் நீதியும்’. கோர்ட்டுக்கு வெளியே மேஜை போட்டு நோட்டரி வேலை பார்க்கும், வீட்டிலேயே மதிப்பில்லாத வக்கீலாக சரவணன். சுழல் இரண்டில் இன்ஸ்பெக்டராக வருபவரும் இவர்தான். இத்தனை வருஷம் இவரை என்ன செய்துகொண்டிருந்தோம்? கோர்ட்டில் வாதம் சூடுபிடித்ததும் தொடர் சினிமாவாகிவிடுகிறது, பின்னணி இசை வேறு காதைப் பிளக்கிறது. ஆனால் அந்த மேஜையும் டைப்ரைட்டரும் அழுக்குக் கோட்டும் நிஜம். ஏழு குட்டி எபிசோட், ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம்.

கொலையே இல்லாமல் நகம் கடிக்க வைத்த ஒன்றும் இருக்கிறது, ‘அயலி’. 1990களின் புதுக்கோட்டைக் கிராமம். வயசுக்கு வந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கும் ஊரில், வந்ததையே மறைத்துப் பள்ளிக்கூடம் போகிறாள் தமிழ்ச்செல்வி. எப்போது மாட்டிக்கொள்வாளோ என்ற பதற்றத்துக்கு எந்த சீரியல் கில்லரும் பக்கத்தில் வர முடியாது. பிரசங்கம் கொஞ்சம் தூக்கல்தான். இருக்கட்டும், அனுமோளின் அம்மா பாத்திரத்துக்காகவே பார்க்கலாம்.

அடுத்து இந்தித் தொடர் ‘பாதாள் லோக்’ இரண்டாவது சீசன், நாகாலாந்து போகிறார்களாம். அதற்கு முன்னால் பார்த்தே ஆகவேண்டிய தமிழ்த் தொடர் ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ட்விஸ்ட் சூப்பர் என்று மட்டும் சிபாரிசு செய்யாதீர்கள்.