ஷெனெக்டடி பட்டர் தடை: 1905 அல்ல, 1910

“1904-இல் அமெரிக்கக் கோல்ஃப் வீரர் வால்டர் டிராவிஸ் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றார், ஆத்திரத்தில் மறுவருடமே அவருடைய ஷெனெக்டடி பட்டர் (putter, பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடும் மட்டை) மட்டையைத் தடை செய்தார்கள்” என்று பரவும் தகவல் தவறு.

வெற்றி உண்மை, ஆண்டு பொய். பிரிட்டனில் கோல்ஃப் விதிகளை வகுத்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆர் அண்ட் ஏ (R&A) கிளப் தடை விதித்தது 1910-இல். தலையின் நடுவில் தண்டு கொண்ட குரோக்கே (பந்தை வளையங்களுக்குள் தட்டிவிடும் ஆட்டம்) சுத்தியலை கோல்ஃபில் பயன்படுத்தலாமா என்று நியூசிலாந்து கிளப் ஒன்று கேட்டதில்தான் விவகாரமே கிளம்பியது. பழைய கசப்பும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

மட்டையை வடிவமைத்தவரும் டிராவிஸ் அல்லர். ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் ஆர்தர் நைட், 1903-இல் காப்புரிமை பெற்றார். அலுமினியத் தலை, தண்டு ஓரத்தில் இல்லாமல் நடுப்பகுதியை ஒட்டி இறங்கும். எடைமையத்துக்கு அருகே பிடிமானம் இருப்பதால், அடிக்கும்போது தலை திரும்புவது குறையும்.

“உலகெங்கும் தடை” என்பதும் சரியல்ல. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அந்தத் தடையை ஏற்கவில்லை. 1951-இல் இரு அமைப்புகளும் பொது விதிகளுக்கு உடன்பட்டபோது பிரிட்டனிலும் தடை போயிற்று.