நாலு செட் வைக்காமல் ‘ஸைரீகா’வைக் குப்பை என்று எழுதாதீர்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் மேற்கத்திய இசை கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் ‘த ஃப்ளேமிங் லிப்ஸ்’ என்ற அமெரிக்க ராக் குழுவின் பெயரை எடுத்தால் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அந்தக் குழுவின் நாலு சிடி ஆல்பமான ‘ஸைரீகா’ உலக அதிசயம். இன்னொரு கட்சிக்கு அது வெறும் இரைச்சல், கேட்கிறவனை முட்டாளாக்கும் வேலை. சண்டை போடட்டும், அது நல்லதுதான். ஆனால் ரெண்டு கட்சியிலும் முக்கால்வாசிப் பேர் அந்த ஆல்பத்தைக் கேட்கவே இல்லை. வயிறு எரிவது அங்கேதான்.

என்னத்தைக் கேட்டார்கள்? நாலு டிஸ்கையும் யாரோ ஒன்றாகக் கலந்து வைத்த ஸ்டீரியோ கோப்பு. அதுவும் 128 கேபிபிஎஸ் எம்பி3. அதை உள்ளங்கை அகல ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டு, கடற்கரைச் சுவரில் வைத்து, பின்னால் விசைப்படகு இன்ஜின் உறும, சோழகக் காற்று முகத்தில் அடிக்க, ரெண்டு பாட்டோடு நிறுத்தியாச்சு. மறுநாள் தீர்ப்பு: “ஒண்ணுமே புரியல, சுத்த சத்தம்.” தம்பி, அந்த நிலைமையில் உனக்கு உயிரான இளையராஜா பாட்டைப் போட்டிருந்தாலும் பேஸ் கிடாரும் கேட்டிருக்காது, வயலினும் கேட்டிருக்காது. கரைவலையின் ஒரு பக்கக் கயிற்றை ஒற்றை ஆள் இழுத்துப் பார்த்துவிட்டு வலை சரியில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1997 அக்டோபரில் வந்த ஆல்பம் அது. ஒரே பெட்டிக்குள் நாலு சிடி. நாலிலும் அதே எட்டுப் பாட்டுகள், அதே வரிசை, ஆனால் ஒவ்வொரு சிடியிலும் இருப்பது வேறு வேறு பங்கு. ஒன்றில் குரல் முன்னால் நிற்கும், இன்னொன்றில் டிரம்ஸ், வேறொன்றில் தந்தி ஓசையும் இரைச்சலும். பாட்டுக்குப் பாட்டு அந்தப் பங்கீடும் மாறும். நாலு சிடியையும் நாலு தனித்தனி செட்டில் ஒரே நேரத்தில் ஓடவிட்டால்தான் பாட்டு முழுசாகும். இது விளையாட்டுக்குச் செய்த வேலை இல்லை. அதற்கு முந்தைய வருஷமே குழுவின் பாடகர் வெய்ன் கோய்ன் ஓக்லஹோமா சிட்டியில் கார் நிறுத்துமிடத்தில் ஆட்களைக் கூட்டி, ஆளுக்கொரு கேசட் கொடுத்து, எல்லாக் கார் டேப்பையும் ஒரே நேரத்தில் ஓடவைத்துப் பார்த்தார். அந்தச் சோதனை வீட்டுக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் ஸைரீகா.

வெளிவந்தபோது அங்கேயும் இதே அடிதடிதான். பிட்ச்போர்க் என்ற இசை விமர்சனத் தளம் 10-க்கு 0.0 போட்டது. கொண்டாடித் தீர்த்தவர்களும் இருந்தார்கள். 0.0 என்பதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு இங்கே வந்து வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மதிப்பெண் அடுத்தவர் போட்டது. உன் காது எங்கே போனது?

கலந்த கோப்பு ஏன் உதவாது என்பதைத் தெளிவாகவே சொல்கிறேன். நாலு ஸ்டீரியோ ஜோடி என்றால் எட்டு சேனல். எட்டையும் ரெண்டுக்குள் திணித்தால் உச்ச ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெடிக்கும். வெடிக்காமல் இருக்க மொத்த அளவையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் போட்டு நசுக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் மெல்லிய ஒலிகள் செத்துப்போகும். அறையில் நாலு மூலையிலிருந்து வரும்போது காது திசையை வைத்து ஒவ்வொன்றையும் பிரித்துக்கொள்ளும். எல்லாம் ஒரே திசையில் வந்தால் பெருஞ்சத்தம் சிறுசத்தத்தை மூடிவிடும். ஸ்பீக்கர் மோனோ என்றால் இன்னும் மோசம்: இடதிலும் வலதிலும் எதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, இருக்கிற ஒலிகள் கூடும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள், சின்ன ஸ்பீக்கரோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும். மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளைப் புகுத்திக் கட்டிய ‘ஹவ் வில் வீ நோ’ பாட்டில் இதற்கப்புறம் மிச்சம் என்ன இருக்கும்?

“நாலு சிடி பிளேயருக்கு எங்கே போவது” என்று கேட்காதீர்கள். இந்தக் கரையில் அந்தச் சாக்கு செல்லாது. கீழக்கரையிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் வளைகுடாவிலிருந்து வந்திறங்கிய மியூசிக் சிஸ்டம் பரண்மேல் கிடக்காத தெரு எது? பழைய டிவிடி பிளேயரும் ஆடியோ சிடியை ஓட்டும். சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரும் ஓட்டும். நாலு வீட்டிலிருந்து நாலு செட், ஒரு சாயங்காலத்துக்கு. அவ்வளவுதான்.

பரணிலிருந்து இறக்கியதும் அப்படியே மாட்டிவிடக் கூடாது. உப்புக்காற்று பட்ட ஸ்பீக்கர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஒயரின் நுனியை அரை அங்குலம் வெட்டிப் புதுச் செம்பு தெரியச் சீவி மாட்டுங்கள். முனையை நைஸான உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். லேசர் லென்ஸில் மங்கல் படிந்திருந்தால் சிடி தாவித் தாவி ஓடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, அழுத்தாமல் ஒரு சுற்றுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு டிரேயை மூடுங்கள். பேஸ் பூஸ்ட், சரவுண்ட், ராக், பாப் என்று பட்டனில் இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். ஏதாவது ஒரு செட்டில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் அந்தச் செட்டின் பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றிப் பாருங்கள், ஒயரால் இணைந்த ரெண்டுக்கும் நடுவே எர்த் வித்தியாசம் இருந்தாலும் அந்தச் சத்தம் வரும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டவே வேண்டாம், ஆம்ப்ளிஃபயருக்குள் கரகரப்பு ஏறிவிடும்.

அறை 10-க்கு 12 அடி இருந்தால் போதும். மூலைக்கு ஒரு செட், சுவரைவிட்டு ஒன்றரை அடி தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு ஸ்டூல் போட்டு, முகம் நடுவைப் பார்க்கும்படி வையுங்கள். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கி மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். டைல்ஸ் தரையும் காங்கிரீட் சுவரும் ஒலியை எறிந்து விளையாடும் என்பதால் தரையில் ரெண்டு பாய் விரித்து, ஒரு சுவரிலாவது கனமான துணியைத் தொங்கவிடுங்கள். பனையோலை வேய்ந்த வீடு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. தகரக் கூரைக்கு அடியில் மட்டும் வேண்டாம், பேஸுக்குக் கூரையும் சேர்ந்து ஆடும்.

ஒலி அளவைக் காதால் சமப்படுத்தவே முடியாது. ஒரே சிடியை நாலு செட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் உட்கார்ந்து, போனில் டெசிபல் மீட்டர் செயலியை வைத்து 75-க்குக் கொண்டுவாருங்கள். செட்டுக்குச் செட் 2 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வால்யூம் குமிழ் எங்கே நிற்கிறதோ அங்கே டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

இனி எல்லோரும் கோட்டைவிடுகிற இடம். ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் வாசிக்கும் வேகத்தை நிர்ணயிக்கிற தனிப் படிகக் கடிகாரம் இருக்கிறது. எல்லாம் நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகளைத்தான் (ஒலியை அளந்து பதித்த எண்களை) வாசிக்க வேண்டும், ஆனால் எதுவும் அச்சு அசலாக வாசிக்காது. ரெண்டு பிளேயருக்கு நடுவே பத்து லட்சத்தில் 100 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 5 நிமிடத்தில் 30 மில்லிநொடி விலகல். 10 நிமிடத்தை ஒட்டி நீளும் ‘எ மெஷின் இன் இந்தியா’ முடியும்போது 60 மில்லிநொடி. முப்பது நாற்பதைத் தாண்டினால் காதுக்கு அது ரெண்டு சத்தம். டிரம்ஸில் இன்னும் சீக்கிரமே தெரிந்துவிடும். முதல் பாட்டில் அமுக்கிவிட்டு 45 நிமிடமும் கை கட்டி உட்கார்ந்தால் கடைசிப் பாட்டில் கால் நொடிக்கு மேல் விலகியிருக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் “தாளமே சேரல” என்கிறார்கள்.

அதனால் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நிறுத்தி, மறுபடி சேர்த்து ஆரம்பிக்க வேண்டும். நாலு பேர் வேண்டும், செட்டுக்கு ஒருவர். பிளே அமுக்கி, பாட்டு எண் வந்ததுமே பாஸ் (pause) போட்டு 0:00-வில் நிறுத்துங்கள். நேராக பிளே அமுக்கினால் சிடி சுழன்று வேகம் பிடிக்க ஒவ்வொரு மெஷினும் வேறு வேறு நேரம் எடுக்கும், பாஸிலிருந்து விடுவித்தால் அந்தச் சிக்கல் குறையும். ஒருவர் எண்ண, மூன்றுக்கு நாலு விரலும் விழ வேண்டும். மலிவு டிவிடி பிளேயர்கள் பாஸில் ரொம்ப நேரம் விட்டால் சிடியையே நிறுத்திவிடும், ஆகவே அதைக் கடைசியாகத் தயார்படுத்துங்கள். ஒரே கம்பெனி பிளேயர் ரெண்டு இருந்தால் ஒரே ரிமோட் ரெண்டையும் கிளப்பும், விட்டுவிடாதீர்கள்.

போனில் ஓட்டுவதென்றால் நாலு போன், நாலு 3.5 மிமீ ஒயர், எல்லாம் ஃப்ளைட் மோடில். ப்ளூடூத் கூடவே கூடாது. அதில் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லிநொடி தாமதம், அதுவும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வேறு. 2013-இல் வந்த நாலு எல்பி இசைத்தட்டுப் பதிப்பை வைத்திருப்பவர்கள் அலட்டிக்கொள்ள வேண்டாம்: டர்ன்டேபிள் வேகம் 0.2 சதவீதம் பிசகினாலே 5 நிமிடத்தில் 0.6 நொடி போய்விடும். “எங்க வீட்ல 5.1 இருக்கு” என்று சொல்கிறவர்களுக்கு: ஸ்டீரியோ கோப்பை அதில் போட்டால் அதே ரெண்டு சேனலைத்தான் ஆறு பெட்டியில் பரப்பும்.

கொஞ்சநஞ்ச விலகல் இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் பாட்டு கொஞ்சம் வேறாக விழுவது இந்த ஆல்பத்தின் அடிப்படை. நம் ஊர் மைக் செட்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏர்வாடி சந்தனக்கூடு ஆகட்டும், தங்கச்சிமடத்துச் சர்ச் திருவிழா ஆகட்டும், தெரு நெடுக குழாய் கட்டுகிறவர்களுக்கு 35 மீட்டர் தள்ளிக் கட்டினால் சத்தம் பத்தில் ஒரு பங்கு நொடி பிந்தி வரும் என்பது அனுபவத்தில் அத்துப்படி. எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் பேச்சு குழையும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். இந்தக் கூட்டத்தில் ஒருவராவது அவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டதுண்டா? போனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார்கள்!

கொண்டாடுகிற கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாலு செட்டில் கேட்காமலே “தெய்வீக அனுபவம்” என்று எழுதுவது அதைவிடப் பெரிய பொய். ஒரு சிடியை மட்டும் தனியாகக் கேட்கலாம், ரெண்டைச் சேர்த்தும் கேட்கலாம், எந்தச் சேர்க்கைக்கும் அதில் இடம் இருக்கிறது. அப்படிக் கேட்டால் அப்படிக் கேட்டேன் என்று எழுது. கால்வாசி கேட்டதை முழுசாகக் காட்டாதே.

சரியாகக் கேட்டால் எனக்கும் அதில் எல்லாம் பிடிக்காது. ‘மார்ச் ஆஃப் த ராட்டன் வெஜிடபிள்ஸ்’ டிரம்ஸ் நாலு மூலையிலும் அடிக்கும்போது முதுகுத்தண்டு சிலிர்க்கும். ‘ரைடிங் டு வொர்க் இன் த இயர் 2025’ இரைச்சலுக்கு நடுவிலும் நெஞ்சைப் பிடிக்கிற மெட்டு. ‘எ மெஷின் இன் இந்தியா’ தேவைக்கு மேல் நீளம், பாதியிலேயே சலிக்கிறது. நாய்கள் குரைத்து முடியும் கடைசிப் பாட்டை ஒருமுறைக்கு மேல் கேட்கப் பொறுமை வேண்டும். ‘ஹவ் வில் வீ நோ’வுக்கு அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கிறது, சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். சின்னப்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள், வால்யூமை டேப் குறிக்குக் கீழேயே வையுங்கள். உயர்ந்த சுருதி ஒலி வயதான காதுக்குக் கேட்காததால் குமிழைத் திருகிக்கொண்டே போய், அந்த ஒலிக்கென்றே இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை எரித்துவிடுவீர்கள்.

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கரையோர வீடுகளில் இன்ஜின் சத்தம் அடங்கியிருக்கும் நாட்கள் அவை. அப்போது நாலு செட்டை ஏற்றுங்கள். கேட்டுவிட்டுத் திட்டுங்கள், வரிக்கு வரி திட்டுங்கள். எத்தனை செட், என்ன பிளேயர், ஒவ்வொரு பாட்டுக்கும் சேர்த்து ஆரம்பித்தீர்களா, எந்தப் பாட்டில் எந்தச் சிடி துருத்திக்கொண்டு நின்றது என்று எழுதினால் உட்கார்ந்து பதில் சொல்கிறேன். “இரைச்சல்” என்று ஒற்றை வார்த்தையில் வருகிறவர்களுக்கு இனி என்னிடம் பதில் கிடையாது.