வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு வீடியோ மட்டும் போதாது

வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பயிற்சி பெரும்பாலும் ஒரே அச்சுதான். வரிசையாக வீடியோக்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் சில கேள்விகள், கடைசியில் ஒரு சான்றிதழ். வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லாத படிப்பு அப்படித்தான் போகும்.

அலுவலகத்தில் நம்மில் பலர் தொழில் கற்றதே பக்கத்து மேசைக்காரரிடம்தான். "அக்கா, இந்த என்ட்ரியை எதுல போடணும்?" என்று கேட்டால் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பார்த்துச் சொல்வார்கள். 1980-களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர், அமெரிக்காவில் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே போய்க் கவனித்தார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வேலையைக் கொண்டுவந்தபோது நாம் இழந்தது அந்தப் பேச்சைத்தான்.

ஜிஎஸ்டி வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 14-ம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வரும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, முடியாது. அதனால் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். எக்செல்லில் ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடும் வீலுக்அப் ஃபார்முலா போடுவது எப்படி என்று எல்லா வீடியோவும் சொல்கிறது. ஆனால் சப்ளையர் '0045' என்று ஏற்றிய பில், நம் எக்செல்லில் பூஜ்யங்கள் உதிர்ந்து '45' ஆகக் கிடக்கும். இன்னொருவர் எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டிருப்பார். ஃபார்முலா சரியாக இருந்தும் ஒன்றும் பொருந்தாது. புதிதாகச் சேர்ந்தவர் ராத்திரி வரை தன் ஃபார்முலாவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

இதையே நான்கு பேர் ஒரே ஃபைலைத் திரையில் பகிர்ந்து பார்த்தால், ஒருவர் "செல்லை டெக்ஸ்ட்டா மாத்திட்டு இறக்குங்க" என்பார். இன்னொருவர் வேண்டாத இடைவெளியை நீக்கும் டிரிம் ஃபார்முலா போடச் சொல்வார். மூன்றாமவர், பில் எண்ணை விட்டுவிட்டு ஜிஎஸ்டி எண்ணையும் வரித் தொகையையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பார். மூன்று பேரின் அனுபவம் ஒரே உட்காரலில் கிடைத்துவிடும்.

குழு என்றதும் அறுபது பேரை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு முடிந்தது என்கிறார்கள். அங்கே காலை வணக்கம்தான் வரும். நான்கைந்து பேர் போதும், செய்ய ஒரே வேலை வேண்டும், தமிழிலேயே பேச விட வேண்டும். தெரிந்தவரே எல்லாவற்றையும் செய்துவிடுவார் என்ற பயம் நியாயமானது. அதற்கு ஒரே கட்டுப்பாடு போதும்: தெரிந்தவர் வாயால் சொல்லலாம், மவுஸ் மட்டும் தெரியாதவர் கையில்தான். வெவ்வேறு நிறுவனத்தார் சேர்ந்து படித்தால், சப்ளையர் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் மாற்றிய மாதிரி ஃபைலைத்தான் பகிர வேண்டும், இதில் விளையாடக் கூடாது.

அப்புறம் நேரம். இந்தக் கூட்டுப் பயிற்சியை இரவு 9 மணிக்கு வைக்கிறார்கள். பிள்ளையைத் தூங்க வைக்கிற, அடுப்படியை ஒதுக்குகிற நேரம் அது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேரால் அப்போது வாய் திறந்து பேச முடியும்? பயிற்சிக்குப் பணம் கட்டுகிற நிறுவனங்கள் 14-க்கும் 20-க்கும் நடுவில், வேலை நேரத்திலேயே, ஒன்றரை மணி நேரம் ஒதுக்கித் தரட்டும். அந்த மாதம் வந்த 2பி-யை வைத்தே அவர்கள் சேர்ந்து படிக்கட்டும்.