முதலாளி ஜோக்குக்குச் சிரிக்கணும்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். கிளிமூக்கு மாங்காய் லோடு இறங்கும்போதெல்லாம் முதலாளி என் மூக்கைப் பார்த்து, "உன் சொந்தக்காரங்க வந்துட்டாங்கப்பா" என்பார். ஆறு சீசனாக இதே ஜோக், எடைச் சீட்டைக் கையில் பிடித்தபடி நானும் ஆறு சீசனாக ஹிஹி. சிம்பன்சி விளையாட்டு குஷியில் மூச்சிரைக்கச் சிரிக்கும், சம்பளத்துக்காக இல்லை. நிஜச் சிரிப்பில்தான் கண்ணைச் சுற்றிய தசை சுருங்கும், அது நம் சொல் பேச்சு கேட்காது என்று 1862-லேயே டுஷேன் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதிவிட்டார். சரி, முதலாளி எங்கே என் கண்ணைப் பார்க்கிறார், பல் தெரிந்தால் போதும். ஒரே ஒரு நாள், "செந்தூராதாங்க உங்க சொந்தம், நல்லா உருண்டையா இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எடை போடும் அண்ணன் தராசையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.